25 ஆயிரத்தில் ஆரம்பித்த அப்கிரேடு 1.29 லட்சத்தில் நிற்கிறது, எங்கே வெட்டலாம்? (தருமபுரி / கிருஷ்ணகிரி)

பாலக்கோடு_பிக்சல்

இப்போ இருக்கிற மெஷின்: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட்ஸ் 80 பிளஸ் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் மாத்திக் கொடுக்கிற பெட்டி), 600 விஏ யூபிஎஸ், 24 இன்ச் 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆடுற கேம் வாலரண்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தலாம்னு 25,000 ஒதுக்கினது. கடையில் போட்டுக் கொடுத்த கொட்டேஷன் இது: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி 47,000, ரைசன் 7600 பிராசஸர் 17,500, பி650 போர்டு 13,000, டிடிஆர்5 16 ஜிபி 15,000, 750 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் 7,500, கேபினெட் 4,500, 1440பி மானிட்டர் 18,000, யூபிஎஸ் 6,500. மொத்தம் 1,29,000. இதில் எது நிஜமாவே தேவை, எது சும்மா ஒட்டிக்கிட்டு வந்தது?

கேஆர்பி_அணை

கொட்டேஷனைக் கீழேயிருந்து மேலே படிங்க, தானா புரியும். 1440பி மானிட்டர் வந்ததால 1080பியை விட 78 சதவீதம் கூடுதல் பிக்சல் வரையணும். அதுக்குத்தான் 47,000 ரூபாய் கார்டு. அந்தக் கார்டுக்கு 2600 ஈடு கொடுக்காதுன்னு புது பிராசஸர். அது ஏஎம்5 சாக்கெட் வகை, ஏஎம்4 சாக்கெட் இருக்கிற பழைய போர்டில் உக்காராது, அதனால போர்டு. அந்தப் போர்டு டிடிஆர்4 ஏத்துக்காது, அதனால ரேம். இத்தனையும் சேர்ந்ததும் பயத்தில் 750 வாட்ஸ், அதுக்கேத்த யூபிஎஸ். மானிட்டர் ஒண்ணை உருவினா பாதிப் பட்டியல் தன்னால விழுந்திடும்.

முதல்ல அளந்து பாருங்க, காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ரிவாட்யூனர்ங்கிற சாஃப்ட்வேர் ரெண்டையும் போட்டு, கார்டு பயன்பாட்டு சதவீதம், ஒவ்வொரு கோரின் பயன்பாடு, விரேம் (கார்டிலேயே இருக்கிற மெமரி), ரேம், ஃபிரேம்டைம் (ஒவ்வொரு ஃபிரேமும் வர ஆகிற நேரம்) கிராஃப் அஞ்சையும் திரையில் வரவைங்க. கேமில் ஃபிரேம் எண்ணிக்கையைக் கட்டிப்போடுற வி-சிங்க், ஃபிரேம் லிமிட் ரெண்டும் ஆஃப். ஒரே இடத்தில் பத்து நிமிஷம் ஆடுங்க. அப்புறம் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி அதே இடத்தில் ஆடுங்க. எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற ஃபிரேம்) ஏறினா கார்டுதான் முட்டுது. ஏறலைன்னா பிராசஸரோ ரேமோ. கார்டு பயன்பாடு 95க்கு மேலயே நின்னா பிராசஸருக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணாதீங்க.

பாலக்கோடு_பிக்சல்

சைபர்பங்க்: கார்டு 97–99, ரேம் 7.7 ஜிபி நிரம்பி நிக்குது, ஃபிரேம்டைம் கோடு நிமிஷத்துக்கு நாலஞ்சு தடவை எகிறுது. வாலரண்ட்: கார்டு 45, எஃப்பிஎஸ் மேலும் கீழுமா ஆடுது. டாஸ்க் மேனேஜரில் ரேம் வேகம் 2400ன்னு காட்டுது.

ஓசூர்_வோல்ட்

கார்டுக்கு முன்னாடி ரேம்தான் அழுவுது. ஒரே ஸ்டிக் இருந்தா சிங்கிள் சேனல், மெமரி பேண்ட்விட்த் சரிபாதி. ரைசன் முதல் ரெண்டு தலைமுறைக்கு இது ரொம்ப வலிக்கும், ஏன்னா உள்ளே கோர் கூட்டங்களை இணைக்கிற ஃபேப்ரிக் ரேம் வேகத்திலேயே ஓடுது. 2600க்கு ஏஎம்டி சொல்ற கணக்கே 2933. நீங்க 2400ல ஒரு காலில் நொண்டி அடிக்கிறீங்க.

8 ஜிபி x 2, 3200 செட்டா வாங்குங்க. இருக்கிற ஸ்டிக்கோட வேற கம்பெனி ஸ்டிக்கைச் சேர்த்தா ஓடலாம், ஓடாமலும் போகலாம். அப்படிச் சேர்த்தா ரெண்டும் மெதுவானதோட வேகத்துக்கு இறங்கும், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ல நாலு சுத்து பிழையில்லாம வந்தாத்தான் நம்பணும். ஸ்லாட் நாலு இருந்தா பிராசஸரிலிருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்தில் ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணலைன்னா 3200 ஸ்டிக்கும் பெரும்பாலும் 2133லயோ 2400லயோதான் ஓடும். 2600ல 3200 நிலைக்கலைன்னா 2933 போடுங்க, வித்தியாசம் தெரியாது.

அரூர்க்காரன்

ஏஎம்4 முடிஞ்சுபோன பிளாட்ஃபார்ம். அதில் போடுற ஒவ்வொரு ரூபாயும் வீண். மெதுவா சேர்த்து ஒரேயடியா ஏஎம்5 போயிடுங்க தம்பி. ஏஎம்டியே 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் சப்போர்ட்டுன்னு சொல்லியிருக்கு.

கேஆர்பி_அணை

அண்ணா, 2025 நடுவில் இதைச் சொல்லியிருந்தா நானும் கை தூக்கியிருப்பேன். அந்த வருஷக் கடைசியிலிருந்து ரேம் விலை போன போக்கைப் பாருங்க. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமா போகுது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணும் லாபம் அதிகமுள்ள ஹெச்பிஎம் (ஏஐ சிப்போட வர்ற மெமரி), சர்வர் ரேம் பக்கம் திரும்பிட்டாங்க. மைக்ரான் 2025 டிசம்பரில் க்ரூஷியல் பெயரில் நம்மளுக்கு விக்கிற வியாபாரத்தையே மூடுறதா அறிவிச்சது. ஏஎம்5க்குப் போனா அந்த ஏத்தத்தில் புது டிடிஆர்5 முழுசா வாங்கணும். போர்டு, பிராசஸர், ரேம் மூணுமே அவர் கொட்டேஷனில் 45,500. அந்தக் காசில் சைபர்பங்க்ல ஃபிரேம் பெருசா ஏறாது, கார்டு அதே 580ன்னா.

டிடிஆர்4ம் ஏறித்தான் இருக்கு, ஆனா பழைய சாமான் சந்தையில் புழங்குது. ரேம் அவ்வளவு சீக்கிரம் தேயிற பொருள் இல்லை. செகண்ட் ஹேண்டில் தைரியமா வாங்கக்கூடியது அது ஒண்ணுதான். மெம்டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

அரூர்க்காரன்

சரி, ரேம் விலைக்கு ஒத்துக்கறேன். ஆனா 2600 வெச்சு புதுக் கார்டு வாங்கறதும் வீண்தான்.

கேஆர்பி_அணை

2600ஐ வெச்சே இருக்கச் சொல்லலையே. அதே பி450ல ரைசன் 5 5600 உக்காரும். சுமார் 10,000. கூலர் பெட்டியிலேயே வரும். 5700எக்ஸ்3டி பிராசஸரைத் தேடாதீங்க, உற்பத்தி நின்னுபோச்சு, மிச்சம் இருக்கிறதுக்குக் கடைக்காரங்க வெச்சதுதான் விலை.

காவேரிப்பட்டணம்_டெக்

கார்டு பத்திப் பேசுவோம், காசு முழுங்குறது அதுதான்.

“கார்டு விலை இப்படி ஏறிப்போச்சே”ன்னு எல்லாரும் சொல்றோம். என்விடியாவோட 60ல முடியிற வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்க. ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி 2016ல 249 டாலர். ஆர்டிஎக்ஸ் 2060 2019ல 349. 3060 2021ல 329. 4060 2023ல 299. 5060 2025லயும் 299. டாலரில் பெரிய ஏத்தம் இல்லை. 2016ல டாலர் சுமார் 67 ரூபாய், 2025ல 86க்குப் பக்கம். 299ஐ 86ல பெருக்கினா 25,714. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா 30,342. இறக்குமதி பண்றவர், கடைக்காரர் லாபத்துக்கு முன்னாடியே இவ்வளவு. ஏத்தம் நிஜமா நடந்தது உச்சி வரிசையில்: 1080 டிஐ 699 டாலர், 5090 1,999 டாலர். யூடியூபில் அதைப் பாத்துட்டுத்தான் இங்கே 60 வரிசைக்காரருக்கும் கை அரிக்குது.

இப்போ பி450 போர்டுக்கு எது பொருந்தும். இந்தப் போர்டில் கார்டு சொருகுற பிசிஐஇ ஸ்லாட் 3.0 தலைமுறைதான். 4060, 5060, ஆர்எக்ஸ் 6600 மூணும் எட்டு லேன் (டேட்டா போற பாதை) கார்டு. 3.0 எட்டு லேனில் ஓடினா விரேம் நிரம்பாத வரைக்கும் சில சதவீதம்தான் இழப்பு. 8 ஜிபி வழிஞ்சு கார்டு சிஸ்டம் ரேமைத் தொட ஆரம்பிச்சா எஃப்பிஎஸ் சடார்னு விழும், 4.0 போர்டை விட மோசமா. அதனால டெக்ஸ்ச்சர் அல்ட்ரா வேண்டாம், ஹை போதும். 1080பியில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியறது கஷ்டம். 3060 12 ஜிபி பதினாறு லேன், வழியாது, ஆனா சுத்த வேகத்தில் 4060ஐ விடக் குறைவு, 170 வாட்ஸ் குடிக்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிதான் பதினாறு லேனும் 16 ஜிபியும் சேர்ந்து வர்றது. பழைய போர்டுக்கு அதுதான் நல்ல ஜோடி, விலை 38,000க்கு மேல. 6500 எக்ஸ்டி நாலே லேன், இலவசமா கொடுத்தாலும் இந்தப் போர்டில் போடாதீங்க.

75 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டருக்கு என் கணக்கு: 6600 போதும், கொஞ்சம் நாள் தாங்கணும்னா 4060 அல்லது 5060. மானிட்டர் 75க்கு மேல காட்டவே காட்டாது.

பென்னாகரம்_பிங்

இன்டெலோட ஆர்க் பி580 12 ஜிபி கார்டு எடுத்தா என்ன? 249 டாலர், விரேம் அதிகம்.

காவேரிப்பட்டணம்_டெக்

இந்த மெஷினுக்கு வேண்டாம் ப்ரோ. ஆர்க் கார்டுக்கு ரீசைஸபிள் பார் (பிராசஸர் விரேம் முழுசையும் ஒரேயடியா தொட விடுற வசதி) கட்டாயம் மாதிரி. 2600 அதுக்கான ஏஎம்டியின் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே கிடையாது, 3000 வரிசையிலிருந்துதான் ஆரம்பம். அதைத் தாண்டினாலும் பி580 டிரைவர் பிராசஸரை நிறைய வேலை வாங்குது. 2600ல மோசம், 5600லயும் சில கேமில் இறங்குது. டெஸ்ட் வீடியோக்கள்ல வேகமான பிராசஸர் போட்டு எடுத்த எண்ணை நம்பி பழைய மெஷின்காரங்க வாங்கறதுதான் சிக்கல்.

ஓசூர்_வோல்ட்

கரண்ட் கணக்குக்கு வர்றேன். கொட்டேஷன்ல 14,000 ரூபாய் இதில் ஒளிஞ்சிருக்கு.

இப்போ இருக்கிறது: 580 கார்டு 185 வாட்ஸ், 2600 உச்சத்தில் 88, போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் ஒரு 40. மொத்தம் 313. எஸ்எம்பிஎஸ் திறன் 85 சதவீதம்னா சுவரிலிருந்து இழுக்கிறது 368. மானிட்டர் 25 சேர்த்தா 393. 600 விஏ யூபிஎஸ் தாங்கறது 360 வாட்ஸ். கேம் ஓடும்போது கரண்ட் போனா யூபிஎஸ் கத்திட்டு மெஷினும் சேர்ந்து அணையும். பழியைப் பேட்டரி மேல போட்டு பேட்டரி மாத்தினாலும் அதேதான் நடக்கும்.

5060 (145 வாட்ஸ்), 5600 (உச்சம் 76) போட்டா: 261, சுவரில் 307, மானிட்டரோட 332. 4060 போட்டா 115தான், மானிட்டரோட 297க்குள்ள. புதுக் கார்டு வந்ததும் லோடு குறையுது! அதே யூபிஎஸ் போதும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் சில நிமிஷம் கிடைக்கும். சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ணத்தான் அது, ஆடறதுக்கு இல்லை.

எஸ்எம்பிஎஸ்ல பெரிய எழுத்தில் போட்டிருக்கிற வாட்ஸைப் பாக்காதீங்க. லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 36 ஆம்பியர்னா 432 வாட்ஸ், தாராளம். கேபினெட்டோட இலவசமா வர்ற “450 வாட்ஸ்” பெட்டியில் 18 ஆம்பியர்னு இருக்கும், அது 216 வாட்ஸ்தான். இந்த மாதிரிப் பெட்டியில் கார்டுக்கான 8 பின் கேபிளே இருக்காது, கடையில் மோலக்ஸிலிருந்து (பழைய ஹார்டுடிஸ்க் கேபிள்) மாத்துற அடாப்டர் கொடுப்பாங்க. வாங்காதீங்க, சூடாகி உருகறது அங்கேதான்.

ஒரே விஷயம், உங்க எஸ்எம்பிஎஸ்ஸும் 2600 காலத்ததுன்னா வயசு ஆறேழு வருஷம் இருக்கும். அந்த விலை வரிசைக்கு வாரண்டி பெரும்பாலும் மூணுலேர்ந்து அஞ்சு வருஷம். மாத்தறதுன்னா 550 வாட்ஸ் பிரான்ஸ் சுமார் 4,500. 750 வேண்டவே வேண்டாம். மாடுலர் வாங்கினா பழைய எஸ்எம்பிஎஸ் கேபிளைப் புதுசில் சொருகிடாதீங்க. சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் ஹார்டுடிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் போயிடும்.

சின்னாறு

வீட்டு இன்வெர்ட்டர் இருந்தா யூபிஎஸ் எதுக்கு?

ஓசூர்_வோல்ட்

சைன் வேவ் இன்வெர்ட்டரா, பின்னாடி யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாம 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப் பிடிக்கும். யூபிஎஸ் மோடில் அதுக்குள்ள மாறிடும். சாதா மோடில் நேரம் அதிகம், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டாதீங்க.

இன்னொண்ணு, எர்த். கேபினெட் தொட்டா ஜிவ்வுன்னு இருந்தா எஸ்எம்பிஎஸ் பழுதுன்னு மாத்தச் சொல்லுவாங்க. பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் லைனையும் நியூட்ரலையும் எர்த்தோட இணைக்குது, எர்த் அந்தரத்தில் நின்னா பாடியில் பாதி வோல்டேஜ் வந்து உக்காரும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருந்தா சரி. நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ஞ்சு கிடக்கும். குழியில் தண்ணி ஊத்தி மறுபடி அளந்துட்டு அப்புறம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

கேஆர்பி_அணை

5600 மாட்டுற வரிசை, தப்பினா செலவு வைக்கிற இடங்களோட:

2600 உள்ளே இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடணும். 5600ஐ முதல்ல மாட்டினா பழைய பயாஸுக்கு அது யாருன்னே தெரியாது, திரை கறுப்பா நிக்கும். போர்டு மாடலோட ரிவிஷன் நம்பரையும் பாத்து கம்பெனி சைட்டில் இறக்குங்க. சில போர்டுக்கு நடுவில் ஒரு பழைய பயாஸ் போட்டுட்டுத்தான் புதுசு போடணும், அந்தப் பக்கத்திலேயே எழுதியிருப்பாங்க. பென்டிரைவ் ஃபேட்32. பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துற நாளில் பண்ணாதீங்க. பாதியில் அணைஞ்சா போர்டு போச்சு.

அடுத்தது கூலர் கழட்டறது. ஏஎம்4ல பின் 1,331ம் பிராசஸர் பக்கம். பேஸ்ட் காய்ஞ்சு பிடிச்சிருந்தா கூலரை நேரா இழுத்ததும் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ச்சுக்கிட்டு வரும், பின் வளையும். பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்குங்க, ஆஃப் பண்ணிப் பிளக்கைப் பிடுங்குங்க, கூலரை இடமும் வலமுமா மெதுவா திருகித் தளர்த்திட்டு எடுங்க. 5600 கூட வர்ற கூலர் நாலு ஸ்க்ரூ வகை. போர்டில் பிளாஸ்டிக் கொக்கி இருந்தா அதைக் கழட்டணும், அப்போ போர்டுக்குப் பின்னாடி இருக்கிற தகடு கீழே விழும். ஒரு கையால பின்னாடி பிடிச்சுக்குங்க. பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைச்சிடுங்க. புதுக் கூலரின் அடியிலேயே பேஸ்ட் பூசி வரும், மேல இன்னொரு கோட்டு வேண்டாம்.

பயாஸ் அப்டேட் எக்ஸ்எம்பியை அழிச்சிடும், திரும்ப ஆன் பண்ணுங்க. என்விடியா கார்டுக்கு மாறினா ஏஎம்டி டிரைவரை சேஃப் மோடில் டிடியுங்கிற சாஃப்ட்வேர் வெச்சு துடைச்சிட்டு என்விடியா போடுங்க.

அரூர்க்காரன்

வாங்கற இடம் சொல்லுங்கப்பா. தருமபுரிக் கடையில் கார்டு ஆர்டர் பேர்லதான் வருது.

காவேரிப்பட்டணம்_டெக்

கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூர் எஸ்பி ரோடு. தருமபுரிக்காரங்க ரயிலிலேயே போகலாம், கிருஷ்ணகிரிக்கு பஸ்தான் கதி. சென்னை ரிச்சி தெரு நமக்குத் தூரம். கர்நாடகத்தில் வாங்கினா வரி கம்மின்னு ஒரு பேச்சு சுத்துது, எந்த மாநிலத்திலும் அதே 18 சதவீதம். ஆன்லைன் விலையை முதல்ல பாத்துட்டுப் போங்க. 500 ரூபாய் வித்தியாசத்துக்கு பெங்களூர் போனா பஸ் செலவிலேயே சரியாயிடும்.

பில்லில் சீரியல் நம்பர் இருக்கணும், பெட்டியில் இருக்கிறதும் கார்டில் இருக்கிறதும் அதுவும் மூணும் ஒண்ணா இருக்கணும். பில் இல்லாம “ரெண்டாயிரம் கம்மி”ன்னா வாரண்டி இல்லைன்னு அர்த்தம். கூரியரில் வந்தா பெட்டியின் ஆறு பக்கமும் காட்டி, நிறுத்தாம வீடியோ எடுத்துத் திறங்க. நோ காஸ்ட் இஎம்ஐன்னாலும் வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் கார்டு பில்லில் வரும், அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

பழைய கார்டு வாங்கறவங்களுக்கு: கார்டு வெச்சு எதீரியம் கிரிப்டோ காசு எடுக்கிற மைனிங் 2022 செப்டம்பரில் நின்னதும் வெளியே கொட்டின கார்டுகள் இன்னும் கை மாறிக்கிட்டிருக்கு. மைனிங் ஓடினதால மட்டும் சிப் கெட்டுப்போறதில்லை. ஃபேன் பேரிங், தெர்மல் பேட், மாத்தப்பட்ட பயாஸ் இது மூணும்தான் பிரச்சினை. அரை மணி நேரம் லோடில் ஓட்டி ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடாகிற இடம்) சூட்டைப் பாக்காம காசு கொடுக்காதீங்க.

பாலக்கோடு_பிக்சல்

புதுக் கணக்கு: ரேம் டிடிஆர்4 8x2 3200 செகண்ட் ஹேண்ட் 6,000. 5600 பிராசஸர் 10,000. 5060 31,000. எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ் 4,500. மொத்தம் 51,500. மானிட்டர், யூபிஎஸ், கேபினெட் அப்படியே. ஒதுக்கினதை விட ரெண்டு மடங்குதான் இப்பவும்.

கேஆர்பி_அணை

ஒரே நாளில் ஏன் வாங்கணும் தம்பி? முதல்ல ரேம் மட்டும், 6,000. வாலரண்ட் பாதி அங்கேயே சரியாகும். மறுபடி அளங்க. சைபர்பங்க்ல கார்டு 97லயே நின்னா அடுத்து கார்டு. 6600 எடுத்தா சுமார் 21,000. ரேமும் கார்டும் 27,000, ஒதுக்கினதுக்குப் பக்கம். 132 வாட்ஸ் கார்டு, 2600ஓடயே மானிட்டர் சேர்த்து 331 வாட்ஸ், யூபிஎஸ்ஸும் தாங்கும். அப்பவும் கார்டு 70, 80ல நின்னு எஃப்பிஎஸ் 75ஐத் தொடலைன்னா மட்டும் 5600.

சின்னாறு

கரண்ட் பில்லையும் சேருங்க. சுவரில் 350 வாட்ஸ், தினம் 4 மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 84 யூனிட். இலவசமா வர்ற யூனிட் வீட்டு ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்குமே போயிடும். பில் 500 யூனிட்டைத் தாண்டினா கட்டண அடுக்கும் மாறும். எஃப்பிஎஸ்ஸை 75ல லாக் பண்ணினாலே கார்டு சூடும் யூனிட்டும் குறையும்.

கேபினெட்டும் வாங்க வேண்டியதில்லை. முன்னாடி ரெண்டு 120 எம்எம் ஃபேன் உள்ளே இழுக்க, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ள. கிரானைட் அறுக்கிற பட்டறைப் பக்கம் வீடுன்னா முன்பக்கம் வலை ஃபில்டர் கட்டாயம். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்குங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போகும்.

பென்னாகரம்_பிங்

வாலரண்ட் ஆடறவர்ங்கிறதால ஒண்ணு: விண்டோஸ் 11ல அதுக்கு டிபிஎம் 2.0ம் (பாதுகாப்புச் சாவிகளை வெச்சிருக்கிற பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற செட்டிங்) வேணும். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல முடிஞ்சது, எப்படியும் மாறணும். 2600 விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கு, அதுக்காகப் புது பிராசஸர் வேண்டாம். பயாஸில் எஃப்டிபிஎம் (பிராசஸரோடயே வர்ற டிபிஎம்) ஆன், சிஎஸ்எம் (பழைய பூட் முறை) ஆஃப், செக்யூர் பூட் ஆன். டிஸ்க் எம்பிஆர்ங்கிற பழைய ஃபார்மட்டில் இருந்தா சிஎஸ்எம் ஆஃப் பண்ணினதும் பூட் ஆகாது. முதல்ல விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி கமாண்டில் மாத்திடுங்க, அதுக்கும் முன்னாடி பேக்கப்.

பாலக்கோடு_பிக்சல்

பின்னாடி 5600 மாட்டும்போது எஃப்டிபிஎம் ரீசெட் ஆகுமா?

பென்னாகரம்_பிங்

ஆகும். பிராசஸர் மாறினதும் “புது சிபியு, எஃப்டிபிஎம் ரீசெட் பண்ணவா”ன்னு திரையில் கேக்கும். பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருந்தா அடுத்த பூட்டில் 48 இலக்க ரெகவரி கீ கேக்கும், இல்லைன்னா டிரைவ் திறக்காது. மாட்டறதுக்கு முன்னாடி செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்து, கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து ஃபோனில் எடுத்து வெச்சுட்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிட்டு அப்புறம் கூலரில் கை வைங்க.